பாட்டியின் இலையும் என் ஆய்வுத் தட்டும்

சீமை அகத்தி என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. கெலெங்காங் என்று மலாயில் சொன்னால் சிலர் தலையாட்டுவார்கள். “மஞ்சப் பூவு, மெழுகுவத்தி மாதிரி நிமிந்து நிக்குமே, கானோரத்துல” என்று சொல்லிப் பாருங்கள், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவரும் “அட, படைக்குத் தேய்க்கிற எலையா?” என்று கேட்டுவிடுவார்கள்.

அந்த இலைதான் என் இறுதியாண்டு ஆய்வு. நுண்ணுயிரியல் படித்த எனக்கு அது ஒன்பது மாத வேலை. எங்கள் வீட்டுக்கு அது அதைவிடப் பெரிய விவகாரமாகிப் போனது.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் பெயர் சென்னா அலாட்டா. பழைய நூல்களில் காசியா அலாட்டா என்றிருக்கும். அலாட்டா என்றால் இறக்கை உடையது என்று பொருள். காயின் நான்கு விளிம்பிலும் இறக்கை போல் ஓரம் நீண்டிருப்பதால் அந்தப் பெயர். ஆள் உயரத்துக்கும் மேலே வளரும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே முளைக்கும். பொழுது சாய்ந்தால் இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துகொள்ளும். ஆவாரையும் தகரையும் இதற்கு நெருங்கிய சொந்தம். தமிழில் வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். படையை வண்டுகடி என்று சொல்லும் வழக்கம் இருந்ததால் அந்தப் பெயர் வந்திருக்கலாம்.

‘சீமை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கடல் கடந்து வந்த பொருளுக்குத்தான் நம்மவர்கள் சீமை என்று பெயர் வைத்தார்கள். இந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். கொலம்பசுக்கு முன்னால் நம் நாட்டு வைத்தியர் எவரும் இதைத் தொட்டிருக்க வழியில்லை. மூலிகை என்றதும் அகத்தியரையும் போகரையும் மேடைக்கு இழுத்து வருவது நம் பழக்கமாகிவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அகத்தி போல் இலை, சீமையிலிருந்து வரவு, ஆகவே சீமை அகத்தி. அவ்வளவுதான். நம் முன்னோர் சோறு கண்ட பால்மரமும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். 1877இல் கோல கங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகள், பேராக்கின் ரப்பர் கதைக்குத் தொடக்கம். ஆக, பேராக் தோட்டத்தில் தமிழன், பால்மரம், சீமை அகத்தி மூவருமே வந்தேறிகள்.

எங்கள் குடும்பம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தது. துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். ஈப்போவிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நான் பிறப்பதற்கு முன்பே பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டுவிட்டார்கள். லயங்களும் போய்விட்டன. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பழைய சனங்கள் வந்து கூடுவார்கள். அந்தக் கோயிலுக்குப் பின்னால் ஓடும் கானில்தான் சீமை அகத்தி காடாக மண்டிக் கிடந்தது.

பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன்பே பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தால், பத்து மணிவரை பனியிலும் ஈரத்திலும் நிற்க வேண்டும். ரப்பர் காலணிக்குள் எந்நேரமும் தண்ணீர். விரலிடுக்கில் சேற்றுப்புண், இடுப்பில் படை, கழுத்தில் தேமல். தோட்டத்து டிரெசர் களிம்பு கொடுப்பாராம். அது தீர்ந்துபோனால் மறுபடியும் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு பெண்கள் கானோரத்துக்குப் போவார்களாம். இளசும் முற்றலும் இல்லாத நடுத்தர இலை ஒரு கைப்பிடி, உப்புக்கல் இரண்டு, வெற்றிலைச் சுண்ணாம்பு சுண்டுவிரல் நுனியளவு. அம்மியில் நசுக்கி, படையின் மேல் வைத்துத் தேய்த்து, எரிச்சல் தாங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் குளிக்க வேண்டும். இப்படி ஒரு வாரம், பத்து நாள்.

இதை யாரிடம் கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். பாட்டி யோசிக்கவே இல்லை. “கம்பத்துல இருந்து கோழி விக்க வருவாங்களே ஒரு மக்சே, அவங்க சொன்னது” என்றார். தமிழர் மருத்துவம் என்று முன்னுரை எழுதி வைத்திருந்த எனக்கு அன்று இரவு முன்னுரையை மாற்றி எழுதும் வேலை வந்தது. என் ஊகம் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊரில் படைக்குத் தகரை இலையை அரைத்துப் போடும் வழக்கம் நம்மவர்க்கு முன்பே இருந்தது. இங்கே வந்து தகரையைப் போலவே இருக்கும் பெரிய செடி ஒன்றை மலாய்க்காரர்கள் அதே நோய்க்குப் பயன்படுத்துவதைப் பார்த்ததும் தயக்கமின்றிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு செடியிலும் கிரைசோபேனால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது.

என் மேற்பார்வையாளரான மலாய் அம்மையார் கோல கங்சார்க்காரர். பாட்டியின் பக்குவத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். அவருடைய பாட்டியும் சுண்ணாம்பு வைத்துத்தான் தேய்த்தாராம்.

செய்முறையை நீட்டி எழுதினால் தமிழ்ப் பிரிவு நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இலையைப் பறித்து, அது சீமை அகத்திதான் என்று தாவரவியலாளரிடம் உறுதி செய்து, ஒரு கிளையைக் காயவைத்து அத்தாட்சியாக ஒப்படைக்க வேண்டும். மீதியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடியாக்கி, ஒரு பங்கை எத்தனாலிலும் இன்னொரு பங்கை வெந்நீரிலும் ஊறவைத்து, வடிகட்டி, நீர்மத்தை ஆவியாக்கினால் கடைசியில் கரும்பச்சையாக ஒரு பசை மிஞ்சும். ஒரு கூடை இலைக்கு ஒரு சின்னக் குப்பி பசை. அதை அளந்து கரைத்து, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வில்லைகளில் ஏற்றி, கிருமி பூசிய அகார் தட்டின் மேல் வைக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு 37 பாகை, ஒரு நாள். படைக்குக் காரணமான பூஞ்சைக்கு அதைவிடக் குறைந்த வெப்பம், ஒரு வாரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும், பூஞ்சை அவசரப்படாது. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வட்டம் விழும். வேலை செய்யாவிட்டால் வில்லையின் ஓரம்வரை கிருமி புல்வெளி போல் வளர்ந்து நிற்கும். பக்கத்திலேயே கடை மருந்து ஏற்றிய வில்லை ஒன்றும், வெறும் கரைப்பான் ஏற்றிய வில்லை ஒன்றும் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது வில்லை ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் கிருமியைக் கொன்றது இலையா, இலையை ஊறவைத்த சாராயமா என்று சொல்ல முடியாது.

நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போகவில்லை. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாரா இப்ராஹிம், ஹலிம் ஒஸ்மான் இருவரும் 1995இலேயே மலேசியச் சீமை அகத்தியைச் சோதித்து ஆய்வேடு வெளியிட்டிருக்கிறார்கள். எத்தனால் சாறு, தோலைத் தாக்கும் பூஞ்சைகளை நன்றாக அடக்கியது. மற்றப் பூஞ்சைகளிடம் அவ்வளவாகச் செல்லவில்லை. பாக்டீரியாவும் ஈஸ்டும் அசையவே இல்லை. டிரைகோபைட்டன் வகைகளை அடக்க மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் தேவைப்பட்டது. பூனை, நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மைக்ரோஸ்போரம் கேனிசுக்கு 62.5 மில்லிகிராமே போதுமானதாக இருந்தது.

2003இல் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தார் இதே செடியின் இலையையும் பட்டையையும் சோதித்தார்கள். அவர்களுடைய சோதனையில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் எந்தச் சாற்றுக்கும் மசியவில்லை! இலைச்சாறு, அதிலும் குறிப்பாக வெந்நீர்ச் சாறு, ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை ஓரளவு தடுத்தது. ஈ.கோலையை எதுவும் தடுக்கவில்லை. ஒரே நாடு, ஒரே செடி, எட்டாண்டு இடைவெளி, ஒரு கிருமிக்கு நேர் எதிரான இரண்டு பதில்கள். முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. போகப் போகத்தான், இலை எந்த மண்ணில் வளர்ந்தது, எப்போது பறித்தது, எவ்வளவு சூட்டில் வடித்தது, எந்தக் கிருமி இனம் என்று ஒவ்வொன்றும் முடிவை மாற்றும் என்று புரிந்தது. மூலிகை மாத்திரை போல ஒரே அச்சில் வார்த்த பொருள் அன்று. ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் முடிக்கும் புலனச் செய்திகளை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 125 மில்லிகிராம் என்றால் 125,000 மைக்ரோகிராம். டெர்பினாஃபின் என்ற கடை மருந்து, அதற்கு அடங்கும் டிரைகோபைட்டன் வகைகளை ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே நிறுத்திவிடும். ஒப்பிட்டுப் பார்த்தால் பாட்டியின் இலை பரிதாபமாகத் தெரியும். ஆனால் டெர்பினாஃபின் தூய மருந்து. என் குப்பியில் இருந்ததோ பச்சையம், சர்க்கரை, பிசின் என்று ஒரு செடியின் முழுக் குடித்தனம். அதில் வேலை செய்யும் பொருள் எவ்வளவோ, சும்மா இருப்பது எவ்வளவோ. தவிரவும், இந்தியாவில் இப்போது டெர்பினாஃபினுக்கே அடங்காத படை பரவியிருக்கிறது. அந்தப் பூஞ்சைக்கு 2020இல் டிரைகோபைட்டன் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். மற்ற நாடுகளுக்கும் அது போய்விட்டது. கானோரத்துச் செடிகளை மறுபடியும் திரும்பிப் பார்க்க இது ஒன்றே போதுமான காரணம்.

என் தட்டுகளுக்கு வருகிறேன். பூஞ்சைத் தட்டைத் திறந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எத்தனால் சாற்று வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம். கரைப்பான் வில்லையைச் சுற்றி ஒன்றுமில்லை. வேலை செய்தது இலைதான்! படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். “பாட்டி சொன்னது சரி. படைக்கு வேலை செய்யுது” என்று எழுதினேன். பாக்டீரியாத் தட்டுகளை அடுத்த வாரம்தான் போட்டேன். ஸ்டெபிலோகாக்கஸ் தட்டில் வெந்நீர்ச் சாறு மெல்லிய வட்டம் ஒன்றைக் காட்டியது. ஈ.கோலையும் சூடோமோனாசும் வில்லையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தன.

அந்த ஒரு வார இடைவெளியில் செய்தி வேறு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

பெரியப்பா பாட்டியின் மூத்த மகன். பதினாறு வயதில் பால்மரம் வெட்டத் தொடங்கி, தோட்டம் மூடியபின் ஈப்போவுக்கு வந்து ஜாகா வேலை பார்த்தவர். அவருக்கு இருபது ஆண்டுகளாக இனிப்பு நீர். இந்த நோய் நம் சமூகத்தைப் பிடித்து ஆட்டுவது உங்களுக்குத் தெரியும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். பெரியப்பாவின் இடது காலில், சுண்டுவிரலுக்கு அடியில் செருப்பு உரசி ஒரு புண். வலியில்லை. வலி இல்லாததுதான் அந்த நோயின் வஞ்சகம், நரம்பு செத்துப்போயிருக்கும். வலியில்லாததால் கிளினிக்குக்கும் போகவில்லை. அம்மா கோயிலில் பெரியம்மாவிடம் என் ஆய்வைப் பெருமையாகச் சொல்ல, பெரியம்மா வீட்டில் போய்ச் சொல்ல, பெரியப்பா மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கானுக்குப் போய் ஒரு பை நிறைய இலை பறித்து வந்துவிட்டார்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது வயதில் அவருடைய சேற்றுப்புண்ணை ஆற்றியது அந்த இலைதான். அதே கால், அதே இலை. இப்போது தம்பி மகள் பல்கலைக்கழகத்தில் சோதித்து வேறு பார்த்துவிட்டாள்.

விடுமுறைக்கு ஈப்போ வந்தபோதுதான் எனக்கு இது தெரியும். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வா பாப்பா. ஒன் மருந்துதான் போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“என் மருந்தா? யாரு பெரியப்பா சொன்னது?”

“ஒங்கம்மாதான். கிருமியெல்லாம் சாவுதாமே, படம் காட்டுனாளே.”

துணியை அவிழ்க்கச் சொன்னேன். இலைச்சாற்றின் பச்சைக்கு அடியில் புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. வாடை வந்தது. ஆய்வுக்கூடத்தில் சூடோமோனாஸ் தட்டைத் திறந்தால் ஒருவித இனிப்பு வாடை வரும். அதுதானா இது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கை நடுங்கியது.

“பெரியப்பா, நிறுத்துங்க, கிளினிக்குக்குப் போவோம்” என்றேன். “நீயே நல்லதுன்னு சொல்லிட்டு இப்ப நீயே வேணாங்கிறியா?” என்று கேட்டார். கோபமில்லை, மெய்யாகவே புரியாமல்தான் கேட்டார். பூஞ்சை வேறு, பாக்டீரியா வேறு என்று விளக்கத் தொடங்கினேன். இரண்டுமே அவருக்குக் கிருமிதான். நான்காண்டு படிப்பில் கற்ற சொற்கள் எதுவும் அந்த வாசலில் உதவவில்லை.

கைத்தொலைபேசியில் இரண்டு படங்களையும் எடுத்துக் காட்டினேன். முதல் படத்தில் பூஞ்சைத் தட்டு. “பாருங்க, எல பக்கத்துல ஒன்னும் மொளைக்கல. இது படைக் கிருமி.” பார்த்தார். அடுத்த படம், ஈ.கோலைத் தட்டு. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது என்னா, எலைய வச்ச எடத்துலயே லாலான் மாதிரி மண்டிக் கெடக்கு?”

“இதுதான் சீழ் புண்ணுல இருக்கிற மாதிரிக் கிருமி, பெரியப்பா. இதுக்கு எல ஒன்னும் பண்ணாது.”

லாலான் தோட்டக்காரனின் பரம எதிரி. வெட்ட வெட்ட முளைக்கும், மருந்தடித்தாலும் வேர் கிடக்கும். அந்த ஒரு சொல்லை அவரே கண்டுபிடித்துச் சொன்னார். ‘புல்வெளி போல’ என்று பாடநூல் சொல்வதைவிட அது எவ்வளவோ பொருத்தம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சட்டைய எடுத்தா” என்று பெரியம்மாவிடம் சொன்னார்.

கிளினிக்கில் பார்த்த உடனேயே ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. எலும்புவரை போயிருந்ததாம். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு வாரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் பெரியம்மாவிடம் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் ‘பரிந்துரைகள்’ என்று ஒரு பகுதி எழுத வேண்டும். ‘இம்மூலிகையிலிருந்து களிம்பு தயாரிக்கலாம்’ என்று முடிப்பதுதான் வழக்கம். அதிலும் தவறில்லை. பிலிப்பைன்சில் இந்தச் செடியை அகபுல்கோ என்பார்கள். அந்நாட்டுச் சுகாதாரத் துறை அங்கீகரித்த பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று, தோல் பூஞ்சைக்குத்தான். நம் நாட்டிலும் 1992 முதல் பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்துதான் விற்க வேண்டும். பொட்டலத்தில் மால் என்று தொடங்கும் எண் இருக்கிறதா, அதன் கடைசியில் பாரம்பரிய மருந்தைக் குறிக்கும் ‘டி’ எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் களிம்பைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, அதற்குக் கீழே எந்தெந்தக் கிருமிக்கு இந்த இலை பயன்படவில்லை என்பதைத் தடித்த எழுத்தில் எழுதினேன். இனிப்பு நீர்க்காரர்களின் கால் புண்ணில் வைக்கக் கூடாது என்றும் சேர்த்தேன். “இது ஆய்வேடா, அறிவிப்புப் பலகையா?” என்று வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டார். மேற்பார்வையாளர் எனக்காகப் பேசினார். அந்த வரி அப்படியே நின்றது.

நான் செய்யாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பாட்டியின் சுண்ணாம்பு. பாட்டி எத்தனாலில் ஊறவைக்கவில்லை. பச்சை இலையைச் சுண்ணாம்போடு நசுக்கினார். கிரைசோபேனால் போன்ற பொருள்கள் காரத்தோடு சேர்ந்தால் செந்நிறமாக மாறிக் கரையும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த வகைப் பொருள் இருக்கிறதா என்று சோதிப்பதே இந்தச் சிவப்பை வைத்துத்தான். அப்படியானால் சுண்ணாம்பு, சாற்றை இலையிலிருந்து இழுத்துக் கொடுக்கிறதா? அல்லது பூஞ்சையைக் கொல்வதே சுண்ணாம்பின் காரம்தானா? இலை மட்டும், சுண்ணாம்பு மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று தட்டுகள் போட்டால் தெரிந்துவிடும். எனக்கு நாள் போதவில்லை. பாட்டியிடம் கேட்டபோது, “சுண்ணாம்பு போடாட்டி எரியாது, எரியாட்டி மருந்துன்னு எப்படி நம்புறது?” என்றார்.

தம்பி தங்கைகள் யாராவது இதை எடுத்துச் செய்ய முன்வந்தால் இலைக்கு அலைய வேண்டாம். கோயில் பின்புறத்துக் கானைச் சிமெண்டு போட்டு மூடிவிட்டார்கள். அங்கே இப்போது ஒரு செடியும் கிடையாது. ஆனால் பெரியப்பா ஈப்போவில் தம் வேலியோரத்தில் விதை போட்டு மூன்று செடிகள் வளர்த்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் படைக்கு வாங்கிப் போகிறாராம். கேட்டால் உங்களுக்கும் கொடுப்பார். கொடுக்குமுன் காலைக் காட்டச் சொல்வார். புண் இருந்தால் இலை கிடையாது, கிளினிக்குக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்.